26-ஆல் வகுத்தால் கடன்

இந்த வார வரலாறு எபிசோடில் ராஜா இல்லை, போர் இல்லை. ஒரு வகுத்தல் கணக்கு மட்டும்தான் இருக்கு. ஒருவருடைய வருஷச் சம்பளத்தை எடுத்து 26-ஆல் வகுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடுவான். இந்தக் கணக்கை வைத்து ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் சொந்த மக்களில் நாலு லட்சத்துக்கும் அதிகமான பேரிடம், "நீங்கள் எங்களுக்குப் பணம் தர வேண்டும்" என்று கடிதம் போட்டது. சட்டப்படி அப்படிக் கேட்க முடியாது என்பது கோர்ட்டில் உறுதியாக மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வாக்குமூலம் கொடுத்துடறேன்.

சில வருஷம் முன்பு ஆபீஸில் ஒரு டேஷ்போர்டு வேலை வந்தது. ஒரு கிளையன்ட்டுடைய கட்டிடங்களில் மாசா மாசம் எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று காட்ட வேண்டும். சில கட்டிடங்களுக்கு மாதக் கணக்கு இல்லை, வருஷ மொத்தம் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மொத்தத்தை 12-ஆல் வகுத்து, எல்லா மாதத்திலும் அதே எண்ணைப் போட்டேன். கோட் ரிவ்யூவில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கலை. கிராஃப் நேர்க்கோடா, அழகா வந்தது. பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு கட்டிடம் ஏப்ரலும் மேயும் பூட்டியே கிடந்திருக்கிறது. என் கிராஃபில் அங்கே ஏசி ஓடிக்கிட்டு இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் கிராஃப். ஆனால் ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' கதையைப் படித்தபோது அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகத்துக்கு வந்தது. 'ரோபோ' நமக்குத் தெரியும். 'டெட்' என்றால் கடன். மெஷின் எழுதின கடன். அரசாங்கம் வைத்த பேர் இது இல்லை. அந்தக் கடிதங்கள் வந்து சேர்ந்த பிறகு பத்திரிகைகளிலும் மக்கள் வாயிலும் நிலைத்த பேர்.

இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு

ஆஸ்திரேலியாவில் முதியோர் பென்ஷன் தேசிய அளவில் 1909-லேயே வந்துவிட்டது. வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை 1945-ல் வந்தது. 1997-ல் இந்த மாதிரி உதவித்தொகைகளை வழங்குவதற்கு 'சென்டர்லிங்க்' என்று ஒரே அமைப்பை உருவாக்கினார்கள். வேலை தேடுகிறவர்கள், படிக்கிற மாணவர்கள், உடல் முடியாதவர்கள், வயதானவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள். அங்கே இது யாரோ பார்த்து இரக்கப்பட்டுப் போடுகிற காசு இல்லை. இன்ன நிலையில் இருப்பவருக்கு இவ்வளவு என்று பார்லிமென்ட் போட்ட சட்டம் சொல்கிறது. தகுதி இருந்தால் கிடைக்க வேண்டும். அது உரிமை.

அந்தச் சட்டம் இரண்டு வாரத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள்? ஒன்றுமே இல்லையென்றால் முழு உதவித்தொகை. கொஞ்சம் சம்பாதித்திருந்தால் அதற்கேற்பக் குறையும். நிறைய சம்பாதித்திருந்தால் அந்த இரண்டு வாரத்துக்கு ஒன்றும் கிடையாது. வாங்குபவர் ஒவ்வொரு முறையும் தன் வருமானத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் இந்த மாதிரி 26 தடவை. நம்ம கதையின் 26 அதுதான்.

சரி, யாராவது பொய் சொன்னால்? அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி ரொம்ப காலமாகவே இருந்தது. ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தோம் என்று கம்பெனிகள் வருமான வரித்துறைக்குச் சொல்லும். அந்த டேட்டாவையும் சென்டர்லிங்க் டேட்டாவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் ஓர் ஊழியர் அந்த ஃபைலை எடுப்பார். சம்பந்தப்பட்டவரைக் கேட்பார், வேலை கொடுத்த கம்பெனியிடம் சம்பளச் சீட்டு கேட்டு வாங்குவார், எந்த இரண்டு வாரத்தில் என்ன வந்தது என்று போட்டுப் பார்ப்பார். வித்தியாசம் தெரிவது ஒரு சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தைக் கடனாக மாற்ற ஆதாரம் தேவை. அந்த ஆதாரத்தைத் தேடுவது அரசாங்கத்தின் வேலை. இப்படி ஊழியர்கள் கையால் பார்த்ததில் வருஷத்துக்குச் சுமார் 20,000 கேஸ்கள் போயின.

மே மாதத்தில் பெய்த மழை

2015 பட்ஜெட்டில் அரசாங்கம் ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தது. உதவித்தொகையில் நடக்கும் தவறுகளைப் பிடித்து 100 கோடி டாலருக்கும் மேல் மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்றார்கள். அப்போது அந்தத் துறைக்கு அமைச்சர் ஸ்காட் மாரிசன், பின்னாளில் பிரதமர் ஆனவர். 2016 நடுவில் புது சிஸ்டம் முழு வீச்சில் ஓடத் தொடங்கியது. வருஷத்துக்கு 20,000 என்று இருந்தது வாரத்துக்கு 20,000 வரை போனது. இன்ஜினியர் பார்வையில் பார்த்தால் பிரமாதமான ஸ்கேலிங். எப்படி முடிந்தது? ஃபைலை எடுத்துப் பார்த்த மனிதரை நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் இடத்தில் வந்ததுதான் அந்த வகுத்தல். வரித்துறையிடம் இருப்பது வருஷ மொத்தம். சட்டத்துக்குத் தேவை இரண்டு வாரக் கணக்கு. நடுவில் டேட்டா இல்லை. அப்போ மொத்தத்தை 26-ஆல் வகுத்து, எல்லா இரண்டு வாரத்திலும் அதே தொகை வந்ததாக வைத்துக்கொள். நான் கரண்ட் பில்லில் செய்தேனே, அதேதான்.

இதில் என்ன தப்பு என்று கேட்டால், சென்னை மழையை நினைத்துப் பாருங்க. நம்ம ஊரில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 12-ஆல் வகுத்தால் மாதம் 116, 117 வரும். அந்தக் கணக்கை நம்பினால் மே மாதம் நடுவெயிலில் நாம் குடையோடு திரிய வேண்டும். கத்திரி வெயிலில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பவரிடம் போய், "உங்க தெருவில் இந்த மாசம் 117 மில்லிமீட்டர் பெய்ததாக எங்க சிஸ்டம் சொல்லுது" என்றால் எப்படி இருக்கும்?

இப்போ மனிதர்களுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி என்று வையுங்கள், இது நான் உதாரணத்துக்குச் சொல்வது. வருஷத்தின் முதல் பாதியில் அவருக்கு வேலை இல்லை. 13 முறையும் 'வருமானம் பூஜ்ஜியம்' என்று உண்மையைச் சொல்லி உதவித்தொகை வாங்குகிறார். படிப்பு முடிந்து வேலை கிடைக்கிறது. உடனே உதவித்தொகையை நிறுத்தச் சொல்லிவிடுகிறார். மீதி 13 இரண்டு வாரங்களில் தலா 2,000 டாலர் சம்பளம். வருஷ மொத்தம் 26,000. ஒரு சென்ட்கூட ஏமாற்றவில்லை. சிஸ்டம் 26,000-ஐ 26-ஆல் வகுக்கிறது. விடை 1,000. "ஆக, நீ வேலை இல்லை என்று சொன்ன ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் உனக்கு 1,000 டாலர் வந்திருக்கிறது. மறைத்துவிட்டாய்." கடன் தயார்.

யார் வருமானம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும்? என்னை மாதிரி மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு இருக்கும். உதவித்தொகை வாங்குபவர்கள் யார்? பாதி வருஷம் வேலை இருந்து பாதி வருஷம் இல்லாதவர்கள், ஷிஃப்ட் கிடைத்தால் போகிறவர்கள், பழம் பறிக்கும் சீசனில் மட்டும் சம்பாதிக்கிறவர்கள். அதாவது, சராசரி எங்கே ஓரளவு சரியாக வருமோ அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு, எங்கே கட்டாயம் தப்பாகுமோ அந்தக் கூட்டத்தின் மேல் போய்ச் சராசரியைப் போட்டிருக்கிறார்கள்.

பாரம் இடம் மாறியது

ஆனா இந்தக் கதையின் முக்கியமான தப்பு கணக்கில் இல்லை என்று நான் நினைக்கிறேன். கணக்கு தப்பினால் திருத்தலாம். கணக்கோடு சேர்ந்து வேறு ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்தது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு.

முன்பு, 'இவர் கடன்பட்டிருக்கிறார்' என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். இப்போது, 'நான் கடன்படவில்லை' என்று அவர் நிரூபிக்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, பழைய பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு வா. ஐந்தாறு வருஷம் பழைய சீட்டு. அந்தக் கடை மூடியிருக்கலாம், முதலாளி ஊரை விட்டுப் போயிருக்கலாம். கொண்டுவரவில்லையா? அப்போ 26-ஆல் வகுத்த விடைதான் உண்மை. பதில் சொல்லாமல் இருந்தாலும் அதே முடிவு. கம்பெனியிடம் கேட்டு வாங்கும் அதிகாரம் அரசாங்கத்திடம்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தும் வேலையைத்தான் செலவு என்று வெட்டிவிட்டார்கள்.

இந்த மாற்றத்தைப் பார்லிமென்டில் விவாதித்து, சட்டம் போட்டுச் செய்யவில்லை. சட்டம் பழையபடியே இருந்தது. மாறியது ஒரு வொர்க்ஃப்ளோ. டேட்டா இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில், 'நிறுத்து, கேள்' என்பதற்குப் பதிலாக 'வகுத்துக்கொள், கடன் எழுது' என்று போட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால் டீஃபால்ட்டை மாற்றினார்கள். ஒரு டீஃபால்ட் வேல்யூ லட்சக்கணக்கான மக்களுடைய சட்ட உரிமையைத் தின்றுவிட்டது.

அதற்கு மேல் இன்னும் சில. 'தகுந்த காரணம்' காட்டாவிட்டால் கடனோடு 10 சதவீதம் அபராதம் சேரும். ஒரே கம்பெனி வரித்துறையில் ஒரு பேரிலும் சென்டர்லிங்கில் இன்னொரு பேரிலும் பதிவாகியிருந்தால், இரண்டு வேலை என்று எண்ணி வருமானத்தை இரட்டிப்பாக்கிய கேஸ்களும் உண்டு. முதலில் போன கடிதங்களில் இதைக் கேட்பதற்கென்று இருந்த ஹெல்ப்லைனின் நம்பர்கூட இல்லை. பல கடிதங்கள் பழைய வீட்டு முகவரிக்குப் போயின. அவர்களில் சிலருக்கு விஷயமே கடன் வசூல் ஏஜென்சியின் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. உதவித்தொகைக் கடனை ஆறு வருஷத்துக்குள் வசூலிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. 2017 ஜனவரி 1 முதல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் விஷயம் வெடித்தது. ஓர் அமைச்சர் டிவியில் தோன்றி, உங்களைத் தேடிக் கண்டுபிடிப்போம், சிறைக்குப் போக நேரலாம் என்ற தொனியில் பேசினார். பதறிப்போய் ட்விட்டரில் எழுதியவர்களுக்கு சென்டர்லிங்க் கணக்கிலிருந்து தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைப் பதிலாக அனுப்பினார்கள். இதைப் படிச்சப்போ லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் வெளியே நடந்துட்டு வந்தேன். அந்தப் பதிலை டைப் செய்த ஊழியருக்குத் தெரிந்திருக்கிறது, எதிர்முனையில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று. அவரால் கடனை நிறுத்த முடியாது. எண்ணைத்தான் தர முடியும்.

ஜெயித்தும் வெளியே தெரியாத வழக்குகள்

இங்கேதான் எனக்கு ரொம்ப உறுத்தும் பகுதி வருகிறது. இந்தத் திட்டம் சட்டவிரோதம் என்று யாருக்குமே தெரியாமலா இருந்தது?

தெரிந்திருந்தது. திட்டம் காகிதத்தில் இருந்தபோதே, 2014 டிசம்பரில், துறையின் சொந்த வக்கீல்கள் இப்படிச் சராசரி போட்டுக் கடன் எழுதுவது சட்டத்தோடு ஒத்துப்போகாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மீறித்தான் திட்டம் முன்னே போனது.

சென்டர்லிங்க் உள்ளேயே கொலீன் டெய்லர் என்ற ஊழியர் இருந்தார். இந்த மாதிரி கேஸ்களைக் கையால் பார்த்துப் பழகியவர். புது சிஸ்டம் என்ன செய்கிறது என்று புரிந்ததும், 2017 தொடக்கத்தில் துறையின் தலைமை அதிகாரிக்கே விரிவாக எழுதினார். நாம் மக்களிடமிருந்து திருடுகிறோம் என்பதுதான் அவருக்குப் பட்டது. அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். சிஸ்டம் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பீலுக்கும் வழி இருந்தது. அரசாங்கத்தின் முடிவுகளை எதிர்த்து முறையிட அப்போது ஒரு தீர்ப்பாயம் இருந்தது. வக்கீல் தேவையில்லை. அதில் டெரி கார்னி என்ற சட்டப் பேராசிரியர் உறுப்பினர். இந்த மாதிரி தீர்ப்பாயங்களில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்தவர். 2017 மார்ச்சில் அவர் முன் வந்த ஒரு கேஸில் தெளிவாக எழுதினார்: கடன் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது அரசாங்கம்தான். சம்பளச் சீட்டு கொண்டுவரவில்லை என்பதால் அந்தப் பொறுப்பு மாறிவிடாது. வருஷச் சராசரி எதையும் நிரூபிக்காது.

அப்போ திட்டம் அன்னைக்கே முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. அந்தத் தீர்ப்பாயத்தின் முதல் கட்டத் தீர்ப்புகள் அப்போது வெளியிடப்படவில்லை. தனிநபர் விவரங்களைப் பாதுகாப்பதற்கான ஏற்பாடு அது. நல்ல நோக்கம்தான். அரசாங்கத்துக்குத் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் அடுத்த கட்டத்துக்கு அப்பீல் போயிருக்கலாம். அடுத்த கட்டத் தீர்ப்புகள் பொதுவில் வந்தன. அரசாங்கம் அப்பீல் போகவில்லை. தோற்ற கேஸில் அந்த ஒருவருடைய கடனை மட்டும் சரிசெய்துவிட்டு, வெளியே வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் அதே கடிதத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. கார்னியின் பதவிக்காலம் 2017-லேயே முடிந்தது. அவரை மறுபடி நியமிக்கவில்லை.

சாஃப்ட்வேரில் வேலை செய்றவங்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒரு யூசர் பக் சொல்கிறார். நீங்கள் டேட்டாபேஸில் போய் அவருடைய வரியை மட்டும் கையால் திருத்தி, டிக்கெட்டை மூடுகிறீர்கள். கோடைத் தொடவில்லை. அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். அடுத்தவருக்கு அதே பக் வரும். ஆனால் அவருக்கு முன்னால் ஒருவர் இதே புகாரைச் சொல்லி ஜெயித்தார் என்பது தெரியாது.

உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் இருந்தது. முறையிடும் இடம் இருந்தது. போனவர்களில் பலர் ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக, மூடிய அறையில் ஜெயித்தார்கள். அந்த வெற்றி பக்கத்து வீட்டுக்காரரைக்கூடக் காப்பாற்றவில்லை.

வெளிச்சத்துக்கு வந்தது எப்படி

முதலில் சில தன்னார்வலர்கள் 'இது என் கடன் அல்ல' என்ற பெயரில் ஒரு இணையதளம் தொடங்கினார்கள். கடிதம் வந்தவர்கள் பெயர் சொல்லாமல் தங்கள் கதையை எழுதலாம். பெயர் சொல்லாமல் என்பது முக்கியம். 2017-ல் ஒரு பெண் தன் பெயரோடு பத்திரிகையில் எழுதியபோது, அவருடைய சொந்த விவரங்களை அரசுத் தரப்பு இன்னொரு பத்திரிகையாளருக்குக் கொடுத்தது. பேசினால் என்ன ஆகும் என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த இணையதளம் செய்த வேலை எளிமையானது: தனித்தனியாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, 'உனக்கு மட்டும் இல்லை' என்று காட்டியது.

அடுத்தது கோர்ட். விக்டோரியா லீகல் எய்ட் என்ற சட்ட உதவி அமைப்பு 2019-ல் ஒரு நர்ஸுக்காக ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டது. அவர் மேல் எழுதப்பட்ட கடன் சுமார் 4,000 டாலர். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசாங்கம் அந்தக் கடனை மறுபடி கணக்குப் போட்டுப் பூஜ்ஜியமாக்கியது. கடனே இல்லை, அப்போ வழக்கு எதற்கு? பழைய டெக்னிக், வரியைத் திருத்தி டிக்கெட்டை மூடுவது.

அவர்கள் விடவில்லை. மெல்போர்னைச் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்காக இரண்டாவது வழக்கு. இதுதான் அமாட்டோ வழக்கு. அவர் 2012-ல் மாணவர் உதவித்தொகை வாங்கியவர். அவர் மேல் 2,700 டாலருக்கு மேல் கடன் எழுதி, கடிதங்களைப் பழைய முகவரிக்கு அனுப்பி, கடைசியில் அவருக்கு வர வேண்டிய வருமான வரி ரீஃபண்டைப் பிடித்துவிட்டார்கள். உண்மையான சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கடன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த முறை கடனைக் குறைப்பதோடு விஷயம் முடியவில்லை. அவர் ரீஃபண்ட் பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. எந்தச் சட்டப்படி எடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 2019 நவம்பர் 27 அன்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, கோர்ட் உத்தரவு வந்தது: சராசரியை மட்டும் வைத்து கடன் இருப்பதாக முடிவு செய்தது சட்டப்படி செல்லாது. அபராதமும் செல்லாது. ரீஃபண்டைப் பிடித்ததும் செல்லாது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான், இனிமேல் சராசரியை மட்டும் நம்பிக் கடன் எழுத மாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது.

கார்னி எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான். நடுவில் ஓடியது இரண்டே முக்கால் வருஷம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2020 மே மாதம், சுமார் 4,70,000 கடன்களுக்காக வசூலித்த 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் கூடுதலாக 11.2 கோடி டாலருக்குச் சமரசம். 2021-ல் அதை ஏற்ற நீதிபதி பெர்னார்ட் மர்ஃபி, நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் இது வெட்கக்கேடான அத்தியாயம் என்று எழுதினார். 2022 ஆகஸ்டில் ஒரு ராயல் கமிஷன் அமைத்தார்கள். தலைமை, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ். கடன் கடிதங்களுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் அம்மாக்கள் அங்கே வந்து சாட்சி சொன்னார்கள். கொலீன் டெய்லரும் சொன்னார். 2023 ஜூலை 7 அன்று வந்த அறிக்கை இந்தத் திட்டத்தை முரட்டுத்தனமானது, கொடூரமானது, நியாயமும் இல்லாதது, சட்டமும் இல்லாதது என்று சொன்னது. 2025 செப்டம்பரில் அரசாங்கம் இன்னும் 47.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

அறிக்கையில் 57 பரிந்துரைகள். அதில் ஒன்று நம்ம தொழிலைப் பற்றியது. அரசாங்கம் மெஷினை வைத்து முடிவு எடுக்கும் இடங்களில், அது எப்படி முடிவு எடுக்கிறது என்பதை எளிய மொழியில் மக்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த விதிகளையும் ஆல்கரிதத்தையும் வெளியில் இருக்கும் நிபுணர்கள் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

நம்ம டேபிளுக்குத் திரும்பி வருவோம்

ரோபோடெட்டை 'ஏஐ செய்த தப்பு' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஏஐ எதுவும் இல்லை. ஒரு வகுத்தல் இருந்தது. ஆதாரம் இல்லாத இடத்தில் வகுத்த விடையைப் போடலாம் என்று மனிதர்கள் எடுத்த முடிவு இருந்தது. சந்தேகப்படுவதில் தப்பில்லை. பொதுப் பணம், கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சந்தேகம் யாருக்கோ, நிரூபிக்கும் பாரமும் அவருக்கே. அந்தப் பாரத்தைத் தூக்க முடியாதவர் தலையில் வைத்துவிட்டு, அவர் தடுமாறியதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டால், அதற்குப் பேர் கணக்குப் பார்ப்பது இல்லை.

நம்மில் நிறைய பேர் ஓ.எம்.ஆர். பக்கம் உட்கார்ந்து வேறு ஏதோ நாட்டு பேங்குக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் கோட் எழுதுறோம். அந்த ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நாம் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவருக்கு நம் பேரும் தெரியாது. ரிக்வயர்மென்ட் டாக்குமென்டில் 'டேட்டா இல்லையென்றால்' என்று ஒரு வரி வரும். அதற்குப் பக்கத்தில் எழுதுவது யாருடைய தலையில் பாரத்தை வைக்கிறது என்று கேட்க ஒரு நிமிஷம்தான் ஆகும். நான் அந்த வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. ரிவ்யூ செய்தவரும் கேட்கவில்லை.

இந்த எபிசோடுக்குப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் அந்தப் பழைய டேஷ்போர்டு கோடைத் திறந்து பார்த்தேன். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 12-ஆல் வகுத்து நிரப்பிய மாதங்களை எல்லாம் காலியாக்கி, 'மாதக் கணக்கு கிடைக்கவில்லை' என்று வருமாறு மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். கிராஃபில் இப்போ நடுநடுவே ஓட்டை விழுந்திருக்கு. பார்க்க நல்லாவே இல்லை. கிளையன்ட் கேட்டால் என்ன சொல்வது என்று மேனேஜர் கேட்டார். "கணக்கு நம்மகிட்ட இல்லைன்னு சொல்லலாம்"னு சொன்னேன்.

உங்களுக்கோ உங்க வீட்டில் யாருக்கோ இந்த மாதிரி ஒரு கடிதம் என்றைக்காவது வந்தால், 'நாம எங்கேயோ தப்புப் பண்ணிட்டோம் போல' என்று உடனே தலையைக் குனியாதீங்க. இந்த எண் எப்படி வந்தது, எந்த டேட்டாவிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்க. பதில் வந்தால், அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.